நோட்டு செல்லுதா? ரங்கூனில் கவிழ்ந்த ஆட்சியும் தாமிரபரணிக் கரையும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)



2021 பிப்ரவரி முதல் வாரம். கொரோனா வந்ததுல சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு, நான் பாளையங்கோட்டையில வீட்ல இருந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்ப ஒரு வீடியோ சுத்துச்சு. உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு பொண்ணு அகலமான ரோட்டு ஓரத்துல நின்னு ஏரோபிக்ஸ் பண்றாங்க. பின்னால வரிசையா கறுப்பு வண்டிகள் ஒரு தடுப்பைத் தாண்டிப் போகுது. பாட்டு ஓடுது, அவங்க ஆடிக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்குப் பின்னால ஒரு நாட்டோட அரசாங்கம் கவிழ்ந்துக்கிட்டு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. மியான்மர் தலைநகர் நேபிடாவ், பிப்ரவரி 1, காலை நேரம்.

நான் சிரிச்சேன். சிரிக்கிற இமோஜி ரெண்டைப் போட்டு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல தட்டி விட்டேன். அப்புறம் போனைக் கொண்டுபோய் ஆச்சிகிட்டயும் காட்டினேன். ஆச்சிக்கு அப்ப வயசு எண்பதைத் தாண்டியாச்சு.

"எந்த ஊருய்யா இது?"

"பர்மா ஆச்சி. மிலிட்டரிக்காரன் ஆட்சியைப் பிடிச்சிட்டான்."

யாரைக் கைது பண்ணாங்க, எத்தனை பேரைச் சுட்டாங்கன்னு எதுவும் ஆச்சி கேக்கல. போனையே ஒரு நிமிஷம் பார்த்துட்டு ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டா. "கடையெல்லாம் திறந்திருக்கா? நோட்டு செல்லுதாமா?"

எனக்குப் பதில் தெரியல. அப்புறம் உக்காந்து தேடினேன். அன்னிக்கு மியான்மர் முழுக்க வங்கிகளை மூடியிருந்தாங்க. ஏ.டி.எம். வாசல்ல எல்லாம் நீள வரிசை. யாங்கோன்ல இருக்கிற ஒரு பாட்டி அந்தக் காலையில என்ன கேட்டிருப்பாங்களோ, அதையே தாமிரபரணிக் கரையில இருந்த எங்க ஆச்சியும் கேட்டிருக்கா. இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

அக்கரையில் ஒரு ஆள்

எங்க ஆச்சிக்கு ஊர் ஏரல் பக்கம். இப்ப அது தூத்துக்குடி மாவட்டம். ஆனா தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986லதான். நான் சொல்ற காலத்துல பாபநாசம் மலையில தொடங்கி புன்னைக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் ஆறு ஓடுறதெல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான்.

இந்த ஆத்தங்கரை பசேல்னு இருக்கும். நெல்லும் வாழையும் உண்டு. ஆனா ஆத்தை விட்டு கொஞ்ச தூரம் நடந்தா தேரிக்காடும் கரிசலும் வந்துடும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க பிழைப்புக்கு வெளியே போகணும். பலர் கொழும்புக்குத் தோணியேறினாங்க. சிலர் ரங்கூனுக்குக் கப்பலேறினாங்க. பர்மான்னாலே நமக்குச் செட்டிநாட்டு ஞாபகம்தான் வரும். பெரிய வட்டிக்கடைகள் அவங்களோடது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் கடைச் சிப்பந்தி, கணக்கெழுதுறவர், சின்ன வியாபாரி. ஊர்ல பர்மா தேக்குல நிலை வெச்ச வீடுகளை இன்னிக்கும் பார்க்கலாம். போருக்கு முன்னாடி உலகத்துக்கே அதிகமா அரிசி ஏற்றுமதி பண்ண நாடு பர்மா. அந்த அரிசி நம்ம சந்தைக்கும் வந்தது.

இன்னொண்ணையும் சொல்லணும். பர்மா ரொம்ப காலமா வெளிநாடே கிடையாது. 1937 ஏப்ரல் 1 வரைக்கும் அது பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். அதனால போனவங்க நாடு விட்டுப் போறோம்னு நினைச்சுப் போகல. அவங்களைப் பொறுத்தவரை அது கடல் தாண்டின இன்னொரு ஊர்.

எங்க தாத்தா ரங்கூன்ல கமாயுட் பகுதியில ஒரு மளிகைக் கடையில வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதுலயே பங்காளி ஆனவர். ஆச்சியைக் கட்டினதும் இங்கேயே விட்டுட்டுப் போனார். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வருவார். ஆச்சியோட அண்ணன் கொழும்பு புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையில இருந்தார். ஆக, ஒரே வீட்டுக்கு ரெண்டு ஊர்லேர்ந்து கடிதாசி வரும். ஊர்ல எங்க வீட்டுக்குப் பேரே ரங்கூன்காரர் வீடு.

ஐந்து வாரத்தில் இரண்டு

1962 பிறந்தது. அந்த வருஷத் தொடக்கத்துல வங்காள விரிகுடாவைச் சுத்தி என்ன நடந்ததுன்னு தேதி தேதியா பார்ப்போம்.

ஜனவரி 27, சனிக்கிழமை. இலங்கையில ராணுவ, போலீஸ் உயரதிகாரிகள் சிலர் அன்னிக்கு ராத்திரி சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருந்தாங்க. பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகள். சிங்களர், தமிழர், பறங்கியர்னு எல்லாரும் அதுல இருந்தாங்க. சில மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு போலீஸ் அதிகாரி வழியாத் தகவல் கசிஞ்சு, எல்லாம் அடங்கிப்போச்சு. ஒரு குண்டுகூட வெடிக்கல. 24 பேர் மேல வழக்கு நடந்தது, 11 பேருக்குத் தண்டனை விழுந்தது. அதையும் 1965 டிசம்பர்ல லண்டன் பிரிவி கவுன்சில் ரத்து பண்ணிடுச்சு.

பிப்ரவரி முதல் வாரம், அஷ்டகிரகச் சேர்க்கை. எட்டுக் கிரகங்களும் மகர ராசியில ஒண்ணு சேருது, உலகம் அழியப்போகுதுன்னு இந்தியா முழுக்கப் பீதி. கோயில் கோயிலா யாகம் நடந்தது. ஆச்சிக்கு 1962ன்னா முதல்ல ஞாபகம் வர்றது இதுதான். கொழும்புச் செய்தியும் இதுவும் சேர்ந்தே வந்ததால, கொழும்புல நடந்ததுக்கும் கிரகம்தான் காரணம்னு ஊர்ல பேசிக்கிட்டாங்களாம்.

பிப்ரவரி கடைசியில பொதுத்தேர்தல். சென்னை மாகாணத்துல காங்கிரஸ் 139 இடம், திமுக 50. ஆனா காஞ்சிபுரத்துல அண்ணா தோத்துட்டார். டீக்கடை, படித்துறை, பஞ்சாயத்து ரேடியோ வெச்ச திண்ணை, எங்க போனாலும் இதே பேச்சு.

இந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் மார்ச் 2 வருது. அதுக்கு முதல் நாள் ராத்திரி பர்மாவின் ராணுவத் தளபதி நே வின், ரங்கூனுக்கு வந்திருந்த ஒரு சீன நடனக் குழுவின் நிகழ்ச்சியை உக்காந்து ரசிச்சார். விடியறதுக்குள்ள பிரதமர் ஊ நு, அமைச்சர்கள், கூட்டாட்சி பத்திப் பேச ரங்கூனுக்கு வந்திருந்த ஷான் தலைவர்கள், எல்லாரும் காவல்ல. நாட்டோட முதல் குடியரசுத் தலைவராயிருந்த சாவ் ஷ்வே தைக் வீட்டுல மட்டும் துப்பாக்கி வெடிச்சு, அவரோட 17 வயசு மகன் செத்துப்போனான். மத்தபடி ஊர் அமைதி. பஸ் ஓடுச்சு, கடை திறந்துச்சு.

'போன தடவை மாதிரிதான்'

அந்தச் செய்தியை நம்ம ஊர் எப்படி எடுத்துக்கிச்சு? ஆச்சி சொன்னதை வெச்சுச் சொன்னா, பெருசா எடுத்துக்கவே இல்ல.

காரணம் இருக்கு. இதே நே வின் 1958 அக்டோபர்லயும் ஆட்சிக்கு வந்தார். கட்சிக்குள்ள சண்டை முத்திப்போய், ஊ நுவே கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைச்சதா அப்பச் சொன்னாங்க. ராணுவம் வந்தது, ரங்கூன் தெருக்களைச் சுத்தம் பண்ணுச்சு, விலைவாசியைக் கொஞ்சம் அடக்குச்சு, 1960ல தேர்தலும் நடத்துச்சு. ஜெயிச்ச ஊ நுகிட்டயே ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பாசறைக்குப் போயிடுச்சு. ஆசியாவில அப்படித் திருப்பிக் கொடுத்த ராணுவம் அபூர்வம்.

அதனால 1962லயும் ரங்கூன் வியாபாரிகள் நினைச்சது இதுதான்: ரெண்டு வருஷம் இருப்பான், ஒழுங்கு பண்ணுவான், போயிடுவான். தாத்தா அந்த மாசம் எழுதின கடிதாசியிலயும் இதே தொனிதான். இங்கே ஒண்ணும் பயமில்லை, போன தடவை மாதிரிதான் இருக்கு, ஊருக்கு வர வேண்டிய அவசியமில்லைன்னு எழுதியிருந்தார்.

ஊர்ப் பெரியவங்க இன்னும் ஒருபடி மேல போனாங்க. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நாலஞ்சு லட்சம் இந்தியர் பர்மாவுலேர்ந்து ஓடிவந்தாங்க. நிறைய பேர் அசாம் மலைப்பாதையில நடந்தே வந்தாங்க. வழியில காலராவுலயும் பசியிலயும் ஆயிரக்கணக்குல செத்தாங்க. ஆனா போர் முடிஞ்சதும் அவங்கள்ல பலர் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தாங்க. அதையே தாங்கியாச்சு, இதெல்லாம் ஒரு விஷயமான்னு கேட்டாங்களாம்.

இதை முட்டாள்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க வரலாறு தெரிஞ்சுதான் பேசினாங்க. கண்ணால பார்த்த வரலாறு. 1942ஐயும் 1958ஐயும் வெச்சு 1962ஐப் படிச்சாங்க. அதுதான் தப்பாப் போச்சு.

மெல்ல வந்த அடி

மார்ச் 2ல நடக்காதது அடுத்த ரெண்டே கால் வருஷத்துல நடந்தது.

1962 ஏப்ரல் 30. 'சோசலிசத்துக்கான பர்மிய வழி' அப்படின்னு ஒரு கொள்கை அறிக்கை. உற்பத்தி, வியாபாரம் எல்லாம் அரசு கைக்குப் போகணும்னு அதுல இருந்தது. மளிகைக் கடைக்காரர் யார் அதைப் படிச்சிருப்பாங்க?

ஜூலை 7. ரங்கூன் பல்கலைக்கழகத்துல போராடின மாணவர்கள் மேல ராணுவம் சுட்டது. மறுநாள் விடிகாலை, காலனி காலத்துலேர்ந்து போராட்டத் தலைவர்களை உருவாக்கின மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வெச்சுத் தகர்த்தாங்க. கமாயுட் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற பகுதிதான். கடைப் பலகை அதிர்ந்ததுன்னு தாத்தா பிற்காலத்துல ஆச்சிகிட்டச் சொல்லியிருக்கார். அப்பக்கூட அது பர்மியப் பிள்ளைகளுக்கும் ராணுவத்துக்கும் உள்ள தகராறு, நமக்கு என்னன்னுதான் இருந்தாராம்.

1963 பிப்ரவரி. வங்கிகள் நாட்டுடைமை.

1964 மார்ச் 19. ரங்கூன்ல தனியார் கடைகள் நாட்டுடைமை. காலையில கடை திறக்கப் போனா அதிகாரிகள் நிக்கிறாங்க. சரக்கை எண்ணி, சாவியை வாங்கி, வாசல்ல மக்கள் கடைன்னு நம்பரோட பலகை மாட்டினாங்க. அடுத்த சில வாரங்கள்ல மத்த ஊர்களுக்கும் இது பரவுச்சு. சில கடைகள்ல பழைய முதலாளியையே சம்பளத்துக்கு நிக்க வெச்சாங்க. தாத்தா ரெண்டு மாசம் தன் கடையில தானே சிப்பந்தியா நின்னார்.

1964 மே 17. 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு.

2016 நவம்பர் 8 ராத்திரி உங்க வீடு எப்படி இருந்ததுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. இப்ப அதுல கொஞ்சம் மாத்திக்குங்க. நீங்க இருக்கிறது வேற நாடு. கடை போயிடுச்சு. வங்கி அரசாங்கத்தோடது. கையில வெளிநாட்டவர்னு பதிவு பண்ண அட்டை. நோட்டைக் கொண்டுபோய் வரிசையில நின்னா, இவ்வளவு எப்படி வந்ததுன்னு கேப்பாங்க. தாத்தா ஒரு பகுதியைக் கட்டினார். மீதியை அரிசி டின்னுக்குள்ள வெச்சார், யாராவது மாத்தித் தருவாங்கங்கிற நம்பிக்கையில. கெடு முடிஞ்சது. யாரும் மாத்தித் தரல.

அந்தப் பத்தாவது நாள், மே 27, டெல்லியில நேரு இறந்துபோனார். ரங்கூன்ல கடையைப் பறிகொடுத்தவங்களுக்காகப் பேச அப்ப யாருக்கு நேரம் இருந்திருக்கும்? செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ரங்கூன் போனார். மறுவருஷம் டிசம்பர்ல பிரதமர் சாஸ்திரியே போனார். அதுக்குள்ள ஆட்கள் கப்பலுக்கு வரிசையில நின்னாச்சு.

பர்மாக்காரங்க பக்கம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பக்கத்துலேர்ந்தும் பார்க்கணும். இல்லன்னா இது வெறும் புலம்பலாப் போயிடும்.

1931 கணக்கெடுப்புல ரங்கூன் மக்கள்தொகையில பாதிக்கு மேல இந்தியர். ஒரு பர்மியர் தன் தலைநகர்லயே சிறுபான்மை. உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை விழுந்தப்ப, கடன் கட்ட முடியாத விவசாயிகளோட நிலம் வட்டிக்கடைகளுக்குப் போச்சு. 1930களோட கடைசியில கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பேர்ல இருந்தது. உள்ளூர் வியாபாரம், துறைமுகம், போலீஸ், அஞ்சல் ஆபீஸ், எங்க பார்த்தாலும் பிரிட்டிஷ்காரன் பின்னால ஒரு இந்தியன். அந்தக் கோபம் பொய்யில்ல. நாம அவங்க இடத்துல இருந்தா நமக்கும் வந்திருக்கும்.

ஆனா அடி எங்க விழுந்தது? பெரிய நிலங்கள் 1948லயே நிலச் சட்டத்துல போக ஆரம்பிச்சாச்சு. பெரிய பணம் வெச்சிருந்த பலர் அதுக்கு முன்னாடியே ஒதுங்கிட்டாங்க. 1964ல மாட்டினது தையல்காரர், முடிதிருத்துறவர், பால்காரர், மளிகைக்கடைக்காரர். பர்மியச் சின்னக் கடைக்காரர்களோட கடையும்தான் போச்சு. மக்கள் கடைன்னு பலகை மாட்டின இடங்கள்ல கொஞ்ச நாள்லயே சரக்கு இல்ல. ஆசியாவின் அரிசிக் களஞ்சியமா இருந்த நாட்டுல, 1967ல அரிசித் தட்டுப்பாட்டுக் கலவரம் நடந்தது.

ரங்கூன்காரர் வீடு

1960கள்ல பர்மாவை விட்டு வந்த இந்தியர் சுமார் 3 லட்சம் பேர். அதுல தமிழ்நாட்டுல இறங்கினவங்க மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. அரசு அவங்களுக்கு வெச்ச பேர் தாயகம் திரும்பியோர். ஊர் வெச்ச பேர் பர்மா அகதி.

நகையும் பணமும் எடுத்துவரக் கடுமையான கட்டுப்பாடு. ரங்கூன் துறைமுகத்துல பொட்டியைக் கொட்டிச் சோதனை போட்டாங்க. தாத்தா சென்னையில இறங்கி, எழும்பூர்ல ரயிலேறி, திருநெல்வேலி வந்து, அங்கேர்ந்து பஸ்ல ஊருக்கு வந்தார். கையில ஒரு தகரப் பொட்டி, ஒரு கம்பளி. ஆச்சி ஆத்துலேர்ந்து குளிச்சிட்டு ஈரச் சேலையோட வர்றா, வாசல்ல ஒரு ஆள் நிக்கிறார். மெலிஞ்சு போயிருந்ததால முதல்ல அடையாளம் தெரியலன்னு சொல்லுவா.

முதல் வாரம் ஊரே வந்து விசாரிச்சுதாம். ரெண்டாவது வாரம், தாத்தா ரங்கூன்ல இருக்கார்ங்கிற தைரியத்துல கடன் கொடுத்தவங்க வந்தாங்க. பேர் அதேதான், ரங்கூன்காரர் வீடு. சொல்ற விதம் மட்டும் மாறிப்போச்சு. பங்காளியா இருந்தவர் ஊர்ல இன்னொருத்தர் கடையில சாகிற வரைக்கும் கணக்கெழுதினார்.

எங்க தாத்தாவுக்காவது திரும்பிவர ஒரு வீடு இருந்தது. பல குடும்பங்களுக்கு அதுவும் இல்ல. மூணு தலைமுறையா அங்கேயே இருந்தவங்களுக்குத் தமிழ்நாட்டுல ஒரு சொந்தக்காரன் முகம்கூடத் தெரியாது. முகாம் பிடிக்காம சிலர் மணிப்பூர் வழியா நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தாங்க. எல்லையில விடல. அங்கேயே தங்கினாங்க. இன்னிக்கும் மோரேயில தமிழர் இருக்கிறதுக்கு இதுதான் காரணம். சென்னையில வந்தவங்களுக்கு 1969ல பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் அமைஞ்சது. அதே வருஷம் பர்மாவுலேர்ந்தும் இலங்கையிலேர்ந்தும் வந்தவங்களுக்காக ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினாங்க. நகைக் கடன் போர்டுல நீங்க பார்க்கிற ரெப்கோ பேங்க் அதுதான். பஜார்ல நீங்க சாப்பிடுற அத்தோவும் அந்தக் கப்பல்ல வந்ததுதான்.

கொழும்பு மாமா? அங்க ஆட்சி கவிழல, அதனால தப்பிச்சோம்னு நினைச்சாங்க. ஆனா 1964 அக்டோபர் 30ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பணும்னு ரெண்டு அரசும் கையெழுத்து போட்டுச்சு. அது முக்கியமா மலையகத் தோட்டத் தொழிலாளிகளைப் பத்தினது. ஆனா அக்கரையில இருந்த இந்தியப் பாஸ்போர்ட்காரர் எல்லாருக்கும் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. மாமா எழுபதுல ஊர் திரும்பினார். இந்தத் தடவை யாரும் போன தடவை மாதிரின்னு சொல்லல. இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமா வித்து, முன்கூட்டியே வந்துட்டார். அதுக்கு எங்க தாத்தா சொன்ன புத்திதான் காரணம்னு ஆச்சி சொல்லுவா.

டெலிகிராமில் வந்த கடிதாசி

சரி, 2021க்கு வருவோம். அந்த வீடியோ ஒரு வாரம் ஓடுச்சு. அப்புறம் மியான்மர் மக்கள் ராத்திரி எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டின வீடியோ, மூணு விரல் வணக்கம். நாமும் ஸ்டேட்டஸ் போட்டோம். பிறகு மறந்துட்டோம். நம்ம ஊருக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்லன்னுதான் நானும் நினைச்சேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு, 2022 செப்டம்பர்ல, தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு வர்ற விளம்பரத்தை நம்பாதீங்கன்னு வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டுச்சு. டெலிகிராம்ல, வாட்ஸ்அப்ல வந்த விளம்பரங்கள். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் சேல்ஸ், டாலர்ல சம்பளம். நம்பி பாங்காக் போய் இறங்கினவங்களை வண்டியில ஏத்தி, எல்லை ஆத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கின இடம் மியாவாடி. அது மியான்மர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டு, உலகம் முழுக்க இருக்கிறவங்களை ஆன்லைன்ல ஏமாத்துற வேலையில உக்கார வெச்சாங்க. மறுத்தா அடி, சிலருக்கு மின்சார ஷாக். அந்த அக்டோபர்ல தமிழ்நாட்டுக்காரர் 13 பேர் முதல் குழுவா மீட்கப்பட்டுச் சென்னை வந்தாங்க. அதுக்கப்புறமும் குழு குழுவா வந்துக்கிட்டுதான் இருக்காங்க.

இந்த மோசடிக் கூடாரங்கள் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்னாடியே அங்க முளைச்சவைதான். ஆனா 2021க்குப் பிறகு அந்த எல்லையில சட்டம்னு ஒண்ணு இல்லாமப் போச்சு. ராணுவத்தோட ஒட்டி நின்ன எல்லைக் காவல் படைகள் நிலத்தை வாடகைக்கு விட்டுச்சு. கூடாரம் ஊராச்சு. ஊருக்கு ஆள் வேணும், இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் தெரிஞ்ச, வேலையில்லாத ஆள். அது யாருன்னு உங்களுக்குத் தெரியும். என் செட்டுல பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

மோரேயில இன்னொரு அடி. 2022 ஜூலையில எல்லை தாண்டித் தமூவுக்குப் போன மோரேத் தமிழர் ரெண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 2023 மே மாசம் மணிப்பூர் கலவரத்துல அங்க தமிழர் வீடுகளும் எரிஞ்சது. 1964ல ஓடிவந்தவங்களோட பேரப்பிள்ளைகள் அவங்க.

எனக்குப் புரிஞ்சது இதுதான். வெளிநாட்டுல ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறப்ப நாம பார்க்கிறது டேங்க்கையும், கைதான தலைவரையும். நம்ம ஊருக்கு அது வந்து சேர்றது வேற உருவத்துல, வேற தேதியில. 1962 மார்ச்ல நடந்தது ஏரலுக்கு 1964ல ஒரு தகரப் பொட்டியா வந்தது. 2021 பிப்ரவரியில நடந்தது நம்ம போனுக்கு 2022ல ஒரு வேலை விளம்பரமா வந்தது. நடுவுல இருக்கிற அந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல, அங்க என்ன சட்டம் போடுறான், யாரோட கடையைப் பூட்டுறான், எந்த எல்லையைக் கைவிடுறான்னு நம்மள்ல யாரும் கவனிக்கிறதில்ல. எங்க ஆச்சிக்கு அந்த நடுவுல இருக்கிற காலம் எப்படி இருக்கும்னு தெரியும். அதனாலதான் முதல் நாளே நோட்டு செல்லுதான்னு கேட்டா.

போன வருஷம் தாத்தாவோட பொட்டியை நான் திறந்து பார்த்தேன். அடியில ஒரு பழைய காகித உறைக்குள்ள ரெண்டு 100 கியாட் நோட்டு இருந்தது. அரிசி டின்னுல மிஞ்சினது. செல்லாத காகிதம்னு துறைமுகத்துல விட்டிருக்கணும். நோட்டுல ஒரு இளைஞர் படம், பர்மா விடுதலையின் தலைவர் ஆங் சான். 2021 பிப்ரவரி 1 காலையில, அந்தப் பொண்ணு ஆடிக்கிட்டு இருந்த அதே ஊர்ல கைதான ஆங் சான் சூச்சி அவரோட மகள்.

ஆச்சிகிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "இதுக்கு அப்ப எவ்வளவு அரிசி கிடைக்கும் தெரியுமா" அப்படின்னு ஆரம்பிச்சா, அப்புறம் சொல்லல. மறுபடி உறைக்குள்ள வெச்சுக் கொடுத்தா.

குடும்ப குரூப்புல மேல தேடிப் போனா அந்த வீடியோ இன்னும் இருக்கு, என் ரெண்டு இமோஜியும் இருக்கு. அழிக்கல.

உங்க வீட்லயும் பர்மா, கொழும்பு, மலேயான்னு யாராவது போய் வந்திருந்தா, பெரியவங்க இருக்கிறப்பவே கேட்டு வெச்சுக்குங்க. எந்த வருஷம் வந்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. ஏன் ஒரு வருஷம் முன்னாடியே வரலன்னும் கேளுங்க. குரல் பதிவா அனுப்பினா அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம். அப்புறம், தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு யாராவது லிங்க் அனுப்பினா, இந்த எபிசோடை அவங்களுக்குத் திருப்பி அனுப்புங்க.

 அடுத்த வாரம் பேசுவோம்.